ஓடைக்கு முதல் கோடு

மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரும் முதல் கோட்டை ஒரே இடத்தில்தான் தொடங்குவோம். தார்ச்சாலையிலிருந்து நிலத்துக்குள் நுழையும் வாயில் எதுவோ, அங்கிருந்து மறுகோடி வரை ஒரு முப்பதடிச் சாலையை நேராக இழுத்துவிட்டு, அதன் இருபுறமும் மீன்முள்ளைப் போலக் குறுக்குச் சாலைகளைப் போட்டு, மிஞ்சியதை முப்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு அறுபது என்று கட்டங்களாக வெட்டிக்கொண்டே போவோம். கடைசியில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காமல் மூலையில் நிற்கும் கோணல் துண்டுக்குப் பச்சை வண்ணம் அடித்துப் 'பூங்கா' என்று எழுதுவோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்து பிழைத்தவன் நான். என் வரைபடங்களில் எத்தனை ஓடைகள் காணாமற்போயின என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. அவற்றில் பெரும்பாலானவை காகிதத்துக்கு வருமுன்பே ஜேசிபியின் கீழ் சமதரையாகியிருந்தன. தரகர்களின் பேச்சில் அதற்கு 'நிலத்தைச் சுத்தம் பண்ணுவது' என்று பெயர்.

2018-ஆம் ஆண்டு நாற்பது குடும்பங்கள் சேர்ந்த ஒரு சங்கத்தார் என்னைத் தேடி வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சென்னையில் கணினி வேலையில் இருக்கும் இளையவர்கள் சிலர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடமேற்கே, 12 ஏக்கர் பழைய முந்திரித் தோப்பு ஒன்றை வாங்கியிருந்தார்கள். மரங்களை வெட்டாமல், மண்ணைப் புரட்டாமல், இருக்கிற நிலத்தை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு அதற்குள் வீடு கட்டி வாழ வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் 'இருக்கிறபடி' என்றால் என்ன என்று அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. உண்மையில் எனக்கும் அப்போது தெரியாது.

நிலம் இப்படி இருந்தது. கிழக்கே மேடு, செம்மண் ஓரடி ஆழம் கூட இராது, அதன் கீழ் செம்புறைக்கல். மேற்கே சரிவு, அங்கே மண் ஆழமாகவும் மணற்பாங்காகவும் இருந்தது. சரிவின் அடியில், வரப்பை ஒட்டி நாற்பத்தாறு பனைமரங்கள். வடமேற்கு மூலையில் ஏறத்தாழ எண்பது சென்ட் அளவுக்கு ஒரு அடர்ந்த புதர். சரிவைத் தாண்டினால் பக்கத்து ஊர் ஏரி. அந்த ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தால், தண்ணீர் அடுத்தடுத்த ஏரிகளின் வழியாகக் கழுவேலிக்குப் போகும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலமாகவும் ஆன அதே கழுவேலிதான். நாங்கள் வீடு கட்டப்போகும் இடத்தில் விழும் மழைக்கு இப்படியொரு முகவரி இருக்கிறது என்பது சங்கத்தின் முதல் கூட்டத்தில் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் சர்வே எண்களுக்குள் ஓடையோ வாய்க்காலோ எதுவும் இல்லை. இது விளங்க வேண்டிய ஒரு விஷயம். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று அரசுக்கு உரியதாக வகைப்படுத்தப்பட்ட நீர்வழிகள் வருவாய்த்துறைப் படத்தில் இருக்கும், ஊரின் நிலக்கணக்கான அ-பதிவேட்டிலும் இருக்கும். ஆனால் பட்டா நிலத்துக்குள் மழைக்காலத்தில் மட்டும் இறங்கி ஓடும் சிறுசிறு தடங்களுக்கு அங்கே இடமில்லை. புலப்படம் எல்லைகளைச் சொல்வதற்காகப் போடப்பட்டது. மேடு பள்ளத்தைச் சொல்வதற்காக அன்று. அதில் நிலம் மேசையைப் போலத் தட்டையாக இருக்கும். அதைப் பார்த்து வரைகிறவன் நிலத்தையும் மேசையாக்கிவிடுவதில் வியப்பில்லை.

ஆகவே டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்து, கால் மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு வீதம் மட்ட அளவை எடுத்தோம். மரங்களுக்கு எண் போட்டுப் படத்தில் குறித்தோம். இவ்வளவையும் செய்துவிட்டு, 'நிலம் தெரிந்துவிட்டது' என்ற திமிரோடு ஒரு மாலை அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான், தோப்புக்குள் ஆடு மேய்க்கும் பக்கத்து ஊர் ஆயா ஒருவர் எங்கள் முளைக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். தண்ணீர் எங்கே ஓடும் என்று கேட்டேன்.

"இந்த வேம்பாண்ட இருந்து அந்தப் பனை வரைக்கும் வரும் சார். முட்டிக்கால் தண்ணி. ராவோட ராவா ஏரிக்குப் போயிரும்" என்றார். பிறகு கோலை நீட்டி, "அந்தக் களாச்செடிக்குப் பின்னாலயும் ஒண்ணு வரும். அது பெரிய மழைக்கு மட்டுந்தான்" என்றார்.

முதல் தடம் எங்கள் அளவையோடு அப்படியே பொருந்தியது. இரண்டாவது பொருந்தவில்லை, களாச்செடிக்குப் பின்னால் எங்கள் கோடுகளில் பள்ளமே இல்லை. வயதானவர், எதையோ மாற்றிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இதற்குத் திரும்பி வருகிறேன்.

நவம்பரில் மழை பிடித்ததும் சங்கத்தாரில் ஐந்தாறு பேரைக் குடையோடு வரச் சொல்லி, தண்ணீர் போகும் வழியெல்லாம் முளைக்குச்சி அடித்துச் சிவப்பு நாடா கட்டினோம். மழையில் நிலத்தை நடந்து பார்ப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இருபது ஆண்டுத் தொழிலில் நான் மழையில் ஒரு நிலத்துக்குப் போனது அதுவே முதல் முறை. மேட்டில் விழுந்த நீர் முந்திரிச் சருகுக்கு அடியில் சத்தமில்லாமல் நகர்ந்து, சருகு இல்லாத இடத்தில் சட்டென்று சிவந்து, மாட்டுத்தடத்தில் சேர்ந்து வேகம் பிடித்து ஓடியது. ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நான்கு லட்சம் லிட்டர். 12 ஏக்கருக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் நானூறு லாரி. இவ்வளவையும் சருகும் மண்ணும் வேரும் காசு வாங்காமல் கையாண்டுகொண்டிருந்தன. அந்த இடத்தில் கான்கிரீட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் நாம் தனியாக வடிகால் கட்டுகிறோம்.

இந்தச் செம்மண் மேட்டின் வரலாற்றை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பு இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று அது தொடங்கப்பட்டபோது, அங்கங்கே நின்ற பனைகளையும் நடுவில் நின்ற ஆலமரத்தையும் விட்டால் அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் மரமற்ற செம்மண் பொட்டலாகக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து, பள்ளத்தாக்குகளைப் போன்ற வெடிப்புகளின் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குடியேறியவர்கள் முதலில் செய்தது வீடு கட்டும் வேலை மட்டுமன்று. வயலுக்கு வயல் வரப்பு உயர்த்தி, ஓடைகளுக்குக் குறுக்கே சிறு தடுப்பணைகள் போட்டு, விழும் மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தப் பார்த்தார்கள். நீர்ப்பிடிப்பு வேலைகளில் சொல்வார்களே, ஓடுகிற தண்ணீரை நடக்க வை, நடக்கிற தண்ணீரை நிற்க வை, நிற்கிற தண்ணீரை மண்ணுக்குள் இறங்க வை என்று, அதுதான். மண் நின்ற பிறகு மரம் நின்றது. ஐம்பது ஆண்டுகளில் அந்தப் பொட்டல் காடாயிற்று.

ஆனால் ஆரோவிலிடமிருந்து நான் கற்றுக்கொண்டது மரம் வளர்ப்பதை அன்று. வரைபடத்தின் வயதைப் பற்றி. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்ஜே 1960-களின் பிற்பகுதியில் அதற்கு ஐம்பதாயிரம் பேருக்கான நகரத்தை, விண்மீன் கூட்டம் சுழல்வதைப் போன்ற வடிவில் வரைந்தார். நிலம் பொட்டலாக இருந்த காலத்து வரைபடம் அது. பிறகு குடியிருந்தவர்களே காட்டை வளர்த்தார்கள்; காடு வரைபடத்தைக் கேட்டுக்கொண்டு வளரவில்லை. 2021 டிசம்பரில், படத்தில் வட்டமாக இருந்த 'கிரவுன்' சாலையைத் தரையில் போடுவதற்காக மரங்கள் வெட்டப்பட்டபோது பெரும் பிணக்கு எழுந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. தீர்ப்பாயம் 2022-இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. சட்டத்தின் வழக்கைச் சட்டம் தீர்த்துக்கொண்டது. வரைகிறவன் என்ற முறையில் என் வருத்தம் வேறு: ஐம்பது ஆண்டுகளில் நிலம் மாறியிருக்கும்போது, வட்டம் ஏன் அவ்வளவு வட்டமாகவே இருக்க வேண்டும்? இரண்டு தரப்பிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொன்னதற்காக இரண்டு தரப்பாரும் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூலையில் இருந்த அந்த எண்பது சென்ட் புதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தாருக்கு மரத்தின் மேல் அன்பு இருந்ததே தவிர, புதரின் மேல் இல்லை. பாம்பு வரும், எடுத்துவிட்டு நல்ல மரங்களாக நடலாம் என்பதுதான் பெரும்பான்மையோர் கருத்து. தாவரவியல் படித்த நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் உள்ளே குனிந்து நுழைந்து, ஒருமணி நேரம் கழித்து முழங்கை முழுக்கச் சூரைமுள் கீறலோடு வெளியே வந்து, வீரை, காசா, பாலை என்று அடுக்கினார். இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. ஆடு மேய்ந்தும் விறகு வெட்டியும் குட்டையாகிப் போனதால் புதரைப் போலத் தெரிகிறது, விட்டுவிட்டால் காடாகும் என்றார். இதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லோரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டுக்கு, மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவில் காட்டுக்கு அழைத்துப் போனோம். ஐயனாருக்கு அஞ்சி ஊரார் பல தலைமுறைகளாக வெட்டாமல் விட்ட காடு அது. நண்பகல் வெயிலில் வேனை விட்டு இறங்கி உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாக மாறி, காலடியில் மண் மெத்தென்று அமுங்கியது. எங்கள் தோப்பில் தோளுயரம் நின்ற அதே வீரை, இங்கே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நின்றது. புதரை எடுக்க வேண்டும் என்று எல்லோரையும்விட உரக்கப் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அடிமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம மூலையில இருக்குறதா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். அதற்குப் பிறகு புதரைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். வழக்கப்படி முழு 12 ஏக்கரையும் மனையாக்கியிருந்தால் சாலைக்கும் பொது ஒதுக்கீட்டுக்கும் போக, ஒரு கிரவுண்டு அளவில் நூற்றுநாற்பது மனைகள் வந்திருக்கும். நாங்கள் நான்கரை ஏக்கரை மட்டும் மனைப்பிரிவாக்கினோம். சாலைக்கு ஒன்றரை ஏக்கர். ஆளுக்கு 5 சென்ட் வீதம் நாற்பது மனைகளுக்கு 2 ஏக்கர். உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டிய ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலத்துக்கு 30 சென்ட். சமுதாயக் கூடம், நீர்த்தொட்டி, மின்மாற்றி ஆகியவற்றுக்கு மீதி. எஞ்சிய ஏழரை ஏக்கர் மனையாக மாறாமல், தோப்பாகவே சங்கத்தின் பெயரில் நிற்கிறது.

வீடுகளை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்தது மண்தான். கிழக்கு மேட்டில் செம்புறைக்கல் மேலேயே இருப்பதால் அங்கே நீர் அவ்வளவாக இறங்காது, அஸ்திவாரத்துக்கும் நல்லது. மேற்குச் சரிவின் மணற்பாங்கான மண்தான் மழையைக் குடிக்கும் வாய். குடிக்கும் வாயை மூடாமல், குடிக்காத இடத்தில் வீட்டை வைத்தோம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனுக்கு வடக்கே, எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல் 'உட்லண்ட்ஸ்' என்ற புதுநகரைக் காட்டுக்குள் கட்ட நினைத்தபோது, நிலவமைப்புத் திட்டமிடலின் முன்னோடியான இயன் மக்ஹார்க் செய்தது இதுதான்: மண்ணின் வகையைப் படமாக்கி, நீரை உறிஞ்சும் மண்ணைத் திறந்தவெளியாக விட்டு, உறிஞ்சாத மண்ணின் மேல் வீடுகளைக் கொண்டுபோனார், புதைகுழாய் வடிகாலுக்குப் பதில் புல் முளைத்த திறந்த பள்ளங்களையே வடிகாலாக வைத்தார். 1974-இல் அந்நகர் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் எழுந்த பகுதிகளில் அதே ஊர் மெல்லமெல்லக் கரைக்கல்லும் புதைகுழாயுமாகத் திரும்பிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடியிருப்பவர்களின் கண்ணுக்குப் புல்பள்ளம் முடிக்கப்படாத வேலையைப் போலத் தெரிகிறது.

எங்களிடமும் அதே கேள்வி வந்தது. வடிகாலை ஏன் மூடவில்லை, கொசு வருமே என்று. தேங்கினால்தான் கொசு, இது ஒரே நாளில் வடிந்துவிடும் என்று மட்ட அளவைக் காட்டினேன். வாஸ்துப்படி எல்லா வீடுகளும் கிழக்கோ வடக்கோ பார்த்தே இருக்க வேண்டும் என்றார்கள். மேட்டின் முதுகெலும்பில் வளைந்து போகும் சாலைக்கு அது ஒத்துவராது. இதில் பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்தேன். வாசற்கதவைத் திருப்பலாம், சாலையைத் திருப்ப முடியாது. மதில்தான் பெரிய சண்டை. ஒவ்வொரு மனைக்கும் நான்கு பக்கமும் சுவர் எழுப்பினால் நாற்பது அணைக்கட்டுகளைக் கட்டியதற்குச் சமம் என்று எவ்வளவு விளக்கியும், 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் நிலத்தின் வெளியெல்லைக்கு முள்கம்பி வேலி, உள்ளே உயிர்வேலி என்று முடிவாயிற்று. அதிலும் ஏழெட்டுப் பேர் பிறகு சுவர் கட்டிக்கொண்டார்கள்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகத்திலும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஓஎஸ்ஆர் நிலத்தை ஓடைத் தடத்தை ஒட்டி நீளவாக்கில் காட்டியிருந்தேன். பூங்கா என்றால் சாலையோரமாகச் சதுரமாக இருக்க வேண்டாமா என்று கோப்பு திரும்பி வந்தது. விதி கேட்பது என்னவோ சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத்தான். சதுரம் என்பது பழக்கம். ஆனாலும் அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு: நாளைக்கு உள்ளாட்சி அங்கே ஊஞ்சல் போட வேண்டுமானால் நீளத் துண்டில் எப்படிப் போடுவது? நான்கு மாதம் அலைந்த பிறகு, சாலையோரத்தில் சதுரமாக 30 சென்ட்டைக் கொடுத்துவிட்டு, ஓடையின் இருகரையிலும் பன்னிரண்டு மீட்டரைச் சங்கத்தின் தோப்பிலேயே நிறுத்திக்கொண்டோம். சாலை அந்த ஓடையை ஒரே ஓர் இடத்தில்தான் கடக்கிறது. அங்கேயும் குழாய் புதைக்காமல் தரைப்பாலமாக விட்டோம். குழாயில் சருகு அடைக்கும். தரைப்பாலத்தில் அடைக்க எதுவும் இல்லை. பெருமழையன்று இரண்டு மணி நேரம் வண்டி போகாது, அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 5 சென்ட்டில் வீடு கட்டுகிறவர் 30 சென்ட்டுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுக்கக்கூடியவர்கள் மட்டுமே ஓடையோடு வாழ முடியும் என்றால், அது நிலத்தைக் காப்பதாகாது. நிலத்துக்கு நுழைவுக் கட்டணம் போடுவதாகும். நான்கு சென்ட் வீதம் எண்பது குடும்பங்களை வைத்தாலும், கொஞ்சம் நெருக்கிக் கட்டினால், ஓடையும் புதரும் சரிவின் பெரும்பகுதியும் அப்படியே நின்றிருக்கும். ஆளுக்கு விலை பாதியாகியிருக்கும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். அமைதி கெடும் என்றார்கள். வாக்கெடுப்பில் தோற்றேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்களுக்கு மேற்கே மயிலத்தில் அதற்கும் மேல். எங்கள் 12 ஏக்கரில் மட்டும் அந்த ஒரு நாளில் இரண்டு கோடியே முப்பது லட்சம் லிட்டர் விழுந்திருக்கும். அப்போது இருபத்தாறு வீடுகள் எழுந்திருந்தன. மூன்றாம் நாள்தான் என்னால் போக முடிந்தது. தரைப்பாலத்தின் மேல் படிந்த சருகில் நீரின் உயரம் தெரிந்தது. முட்டிக்குக் கொஞ்சம் மேல், ஆயா சொன்ன அளவுதான். ஓடையில் அப்போதும் போய்க்கொண்டிருந்த நீர் செந்நிறமாக இல்லாமல் வெளிறிய தேநீரைப் போல இருந்தது; மேல்மண் கரையவில்லை என்று அதற்குப் பொருள். இருபத்தைந்து வீடுகளில் தண்ணீர் புகவில்லை.

புகுந்த ஒரு வீடு 31-ஆம் எண். சமையலறையில் கணுக்கால் அளவு. பின்கட்டு வழியாக வந்து முன்வாசல் வழியாகப் போயிருக்கிறது. பின்னால் போய்ப் பார்த்தேன். காலியாகக் கிடந்த 32-ஆம் மனையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு நான்கடி அகலத்தில் புதுத் தடம் விழுந்திருந்தது. தொடங்கிய இடத்தில் களாச்செடி நின்றது. ஊரில் விசாரித்தபோதுதான் தெரிந்தது: நிலத்தை விற்றவரின் தகப்பனார், முந்திரி வைப்பதற்கு முன்பு அந்தத் துண்டில் மணிலா (நிலக்கடலை) போடுவதற்காக மண்ணடித்துச் சமன் செய்திருக்கிறார். எங்கள் கருவி அளந்தது அவர் சமன் செய்த தரையை. ஆயா சொன்னது அதற்கு முந்தைய தரையை. அவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்; கேட்காதது என் பிழை.

31-ஆம் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் திட்டினார், நியாயமாகவே. பின்கட்டுப் படியை ஒன்றரை அடி உயர்த்தி, தடத்தைப் பழைய வழியிலேயே புல்பள்ளமாக வெட்டி ஓடையில் சேர்த்துவிட்டோம். 32-ஆம் மனைக்குரியவர் இன்னும் கட்டத் தொடங்கியிருக்கவில்லை. பேசிப் பார்த்ததில், வாயிலருகே பொது உபயோகத்துக்கு வைத்திருந்த இடத்திலிருந்து 5 சென்ட் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். திருத்திய வரைபடத்தில் 31-க்கு அடுத்து 33 வருகிறது. எண்களை வரிசையாக மாற்றித் தரட்டுமா என்று என் அலுவலகப் பையன் கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.